இரண்டு நிமிடம் பத்து நொடி

விமானத்தில் கையோடு ஏழு கிலோதான்.
வீட்டில் இருப்பது குளியலறைத் தராசு,
அதை நான் எப்போதுமே நம்பியதில்லை.
பையைத் தூக்கிக்கொண்டு முதுநகர் துறைமுகத்துக்குப் போனேன்.

அஞ்சலாட்சி செதிலை வழித்துவிட்டு
தட்டில் தினசரித் தாள் விரித்தாள்.
வெள்ளைக் குழாய். கேமரா.
வானத்தோடு கூடவே நகரும் மோட்டார்த் தலை.
சார்ஜர், பேட்டரி, ஒரு கிண்ணம் அளவு ஃபில்டர்.
"எட்டே முக்கால்.
எது தலை எது வாலுன்னு சொல்லு, நறுக்கிடலாம்."

எதிர் எடையை எடுத்தேன். ஒன்றேகால் கிலோ இரும்பு.
போகிற இடத்தில் பையில் மணல் அள்ளித் தொங்கவிட்டால் போதும்.
சார்ஜரும் பேட்டரியும் பேன்ட் பாக்கெட்டுக்கு.
ஏழுக்கும் ஏழு புள்ளி பூஜ்யம் ஐந்துக்கும் நடுவில்
எண் துடித்தது.
"அது காத்து," என்றாள்.
இரும்பை அவளிடமே விட்டுவந்தேன்.

பகலில் சிப்காட்டில்
சாயக் கழிவுநீரின் நிறம் அளக்கிற வேலை.
ஒத்திகைக்கு மிஞ்சியது இரவும் நிலாவும்.
டிசம்பர் வெள்ளம் மூன்றாம் படியில் கிழித்த கோட்டைத் தாண்டி
புலியூர் வீட்டு மொட்டை மாடிக்கு ஏறுவோம்.
தேசிங்கு கைபேசியைப் பார்த்து நொடி சொல்வான்.
"பதினைந்து. ஃபில்டரைக் கழற்று."

நிலாவுக்கு ஃபில்டர் தேவையில்லை.
பனியில் நனைந்தால் கெட்டுவிடும் என்று
அது பெட்டியிலேயே இருந்தது.
குழாயின் வாயில் இருந்த காற்றைப் பிடித்து,
மெல்ல உருவி,
கைப்பிடிச் சுவரில் வைப்பேன்.
பதினெட்டு இரவுகள்.
காற்றைக் கழற்ற என் கையைப் போல் ஒரு கை கிடையாது.

"வைர மோதிரம். ஆயிரத்தில் ஒன்று.
முப்பது. அரை நொடி.
ஐம்பது. ஒரு நொடி.
ஆமா, நீ எப்பப் பாப்ப?"
பட்டியலில் அது இல்லை.
ஒன்று முப்பதிலிருந்து ஒன்று நாற்பது வரை
தலையைத் தூக்கு, என்று பென்சிலால் எழுதினேன்.

பெலித்துங் தீவில் நடந்ததைச் சொல்ல அதிகமில்லை.
மணல் பை சரியாகத் தொங்கியது.
என் நிழலின் ஓரம் கத்தியால் சீவியதுபோல் கூர்மையானது.
இருட்டு மேற்கிலிருந்து கடல்மேல் ஓடிவந்தது.
என் கை குழாயின் வாய்க்குப் போய்
காற்றைப் பிடித்து,
மெல்ல உருவி,
மணலில் பத்திரமாக வைத்தது.

முப்பத்தொரு படங்கள். ஒரு நொடி பிசகவில்லை.

ஒன்று முப்பதில் தலையைத் தூக்கினேன்.
வலைக்குத் தப்பிய சொறிமுட்டை
தண்ணீருக்குள் விரியுமே, அப்படி
நிறமே இல்லாத ஒரு வெளிச்சம்.
நடுவில் ஒன்றுமில்லை.
யாரோ ஒரு பெண் அவள் மொழியில்
ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னாள்.
ஒன்று நாற்பது.
குனிந்துவிட்டேன். அதைத்தான் என்னால் இன்னும்

சரி.

அஞ்சலாட்சி விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு
ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள்.
கறுப்பு. கறுப்பு. கறுப்பு.
"எல்லாம் ஒரே அளவா இருக்கே.
பெருசு சிறுசுன்னு பிரிக்க வேண்டாம்."
ஃபில்டர் கதையைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.
எட்டு வயதுப் பையன் ஒருவன் சிரித்தான்.

"இங்கயும் அன்னைக்கு நண்டு கவ்வுனாப்லதான் வந்துச்சு,
கடலுக்கு மேல, ஒரு ஓரம் இல்லாம.
பாக்காதேன்னாங்க.
எதிர்லயே நிக்குது, பாக்காம எப்படி ஏலம் விடறது?
வெயில் சோம்பலா ஏறுச்சு.
ஐஸு அரைப் பெட்டி மிச்சம்."

அவள் தார்ப்பாய் பறக்காதபடி
மூலையில் என் இரும்பு உட்கார்ந்திருந்தது,
ஏற்கெனவே கொஞ்சம் துருவோடு.
நான் கேட்கவில்லை.
"அடுத்தது எப்போ?" என்றாள்.
சொன்னேன்.
"அதுக்கும் மணல்தானே?"