பன்னிரண்டு மில்லிமீட்டர் நாடா

ஜாலான் பசாரில் அந்தக் கடைக்கு
நான் கொண்டுபோனவை:
கிரீஸ் ஊறிய பழைய துணி ஒன்று,
இருமல் மருந்துப் புட்டியில் கொஞ்சம் தின்னர்.
கடைக்காரம்மா மூக்கைச் சுளித்தார்.
பிறகு ஒரு முக்காலியை என் பக்கம் தள்ளினார்.

மூன்று எந்திரங்கள்.

முதலாவது, சக்கரத்தைத் திருகி
எழுத்தெழுத்தாய் அழுத்துவது.
பேட்டரி வேண்டாம், கையில் வலு இருந்தால் போதும்.
அறுபது ஸ்பேனருக்கு அழுத்தி முடிப்பதற்குள்
என் கட்டைவிரலை வேறு யாராவது
கழற்றி மாட்டிவைக்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது கைப்பேசியோடு பேசுவது.
எந்த மொழியும் வரும். தமிழும் வரும்.
ஆனால் ரசீதுத் தாள் மாதிரி,
சூடு பட்டால் கறுக்கிற தாள்.
செகாம்புட்டில் எங்கள் தகரக் கூரைக்கடியில்
மத்தியானம் இரண்டு மணிக்கு
எல்லாப் பெயரும் ஒரே கறுப்பு.

மூன்றாவது நூற்று இருபத்தொன்பது வெள்ளி.
நாடா தனி, எட்டு மீட்டர் முப்பத்தெட்டு வெள்ளி.
தமிழ் கிடையாது.
படங்கள் உண்டு என்று காட்டினார்:
விமானம், நாயின் பாதம்,
கத்தரிக்கோல், ஒரு துண்டு கேக்.
குறடு இல்லை.

குறடு என்பது நான் சொல்வது.
ஃபைசுல் பிளாயர் என்பான்.
கோ மின் எதுவும் சொல்லமாட்டான்.
காருக்கடியிலிருந்து ஒரு கை மட்டும் வெளியே வரும்,
இரண்டு விரல் காற்றைக் கிள்ளும்.
அதற்கு எந்தப் பொத்தானை அழுத்துவது?

மாதிரிக்கு வைத்திருந்த எந்திரத்தில்
எனக்கு முன்னால் வந்தவர்கள் தட்டிப் பார்த்தவை
அழியாமல் கிடந்தன.
அம்புக்குறியை அழுத்த அழுத்த
மேலே வந்தன:
மிளகாய்த் தூள்.
அப்பா மாத்திரை, காலை.
யாரும் தொடாதே.
ஒருவர் ஒரே எழுத்தைப் பதினேழு தடவை.
வாங்கினார்களோ இல்லையோ.

நான் பத்து என்று தட்டினேன்.
எப்போதும் தொலைவது பத்தாம் நம்பர்தான்.
கர்ரென்று நீண்டு வந்ததை
அவர் மேசையிலேயே ஒட்டி
கிரீஸ் துணியால் தேய்த்தேன்,
தின்னரால் தேய்த்தேன்,
மறுபடி தின்னர்.
மேசையின் வார்னிஷ்தான் போனது.
"பத்து வருசம் ஆனாலும் வராது," என்றார்.
வார்னிஷுக்குக் காசு கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒட்டினோம்.
ஆணியில் தொங்குகிற ஸ்பேனரைப் பார்த்தாலே தெரியுமே,
அதற்கு எதற்குப் பெயர் என்றான் ஃபைசுல்.
என்னிடம் பதில் இல்லை.
செவ்வாய்க்கிழமை வெறும் ஆணி,
அதன் கீழே பத்து.
மூன்று பேரும் அதையே பார்த்தோம்,
பிறகு குனிந்து, மைவியின் வயிற்றுக்குள் தேடினோம்.
பெயர் ஆணிக்குத்தான் போலிருக்கிறது.

நாடா மிச்சமிருந்தது.
தேநீர்க் கோப்பைகள் மாட்டும் பலகையிலும் அடித்தேன்:
ஃபைசுல். ரஞ்சிதம். கோ மின்.

பெர்மிட் கிடைக்கவில்லை.
மூன்று மாதம், இரண்டு ஏஜெண்டு,
கோ மின் கிளம்பிப் போனான்,
கோப்பையைப் பைக்குள் துணியில் சுற்றிக்கொண்டு.
வாசலில் திரும்பி
காற்றை ஒருமுறை கிள்ளிக் காட்டினான்.
நான் சிரிக்கவில்லை. அவன் சிரித்தான்.

அடுத்த வாரம் அந்தப் பெயரை உரிக்கப் பார்த்தேன்.
நகம் ஒடிந்தது.
தின்னரை எடுக்கவில்லை.
கடையில் தேய்த்துப் பார்த்தவள்தானே நான்.

புதிதாக வந்தவன் லோக் பகதூர், நேப்பாளி.
வந்த நாளிலிருந்து சுவரைப் பார்த்துப்
பெயர் பெயராய் வாய்விட்டுப் படித்தான்.
எட்டு. பத்து. பிளாயர்.
இல்லாததை ஃபைசுலிடம் கேட்டு வாங்கினான்.
காலியாக இருந்த ஆணியில்
தன் பச்சைக் கோப்பையை மாட்டினான்.

நேற்று நாலு மணி மழை.
தகரத்தின் சத்தத்தில் பேச்சே கேட்காது.
தேநீர் வாளியோடு நான் நிற்க
அவன் எதிரே வந்து, வெறுங்கையை நீட்டி,
அரைகுறை மலாயில் கத்தினான்:
"என் கோ மின் எங்கே?"

கழுவ வைத்திருக்கிறேன் என்றேன்.