எண்பத்து நான்கு

பகாவ். டயர் கடையின் பின்கட்டு.
ஷட்டர் பாதி இறங்கியிருந்தது.
லங்காவியில் வாங்கிய புட்டியைத்
தூங்கும் பிள்ளையைப் போல
மேசையில் இறக்கினான் அமலதாஸ்.
"இது சிங்கிள் மால்ட்,
மடக்கென்று ஊற்றிக்கொள்ளாதே."

எனக்கா சொல்கிறாய்?
பத்தொன்பது வருடமாகச்
செம்பனை ஆலை ஆய்வுக்கூடத்தில்
மூக்கால் பிழைப்பவள் நான்.

நிறம்: வெளுத்த தேத்தண்ணி.
நிறத்துக்கு மதிப்பெண் போடுவதில்லை,
எண்ணெயிடம் ஏமாந்து கற்றது.

மூக்கு: முதலில் டெட்டால்.
பிறகு மழையில் அணைந்த குப்பைத் தீ.
அதற்கும் அடியில், வெகு அடியில்,
அன்னாசித் தோல்.
"அட்டையில் வனிலா போட்டிருக்கே" என்றான் சியோங்.
அட்டை குடித்துப் பார்க்கவில்லையே.

வாய்: உப்பு, மிளகு,
அப்புறம் நாக்கின் நடுவே
ஒரு நொடி ஒன்றுமே இல்லை.
அங்கே பதின்மூன்று கழித்தேன்.
மூன்று சொட்டுத் தண்ணீர் விட்டதும்
சண்டையை நிறுத்தி
உட்கார்ந்து பேசத் தொடங்கியது.
ஆனாலும் கழித்தது கழித்ததுதான்.

கிளாசில் சோப்பு வாசம்.
மூன்று.
(அது அமலதாஸின் கணக்கு.)

முடிவு: நீளம்.
பத்து மணிச் சங்கு ஊதி ஓய்ந்த பிறகும்
தொண்டையில் புகை
கிளம்ப மனமில்லாத விருந்தாளி.

எண்பத்து நான்கு என்றேன்.
"முன்னூற்று எண்பது வெள்ளி கொடுத்தேனே!"
முகம் தொங்கிவிட்டது அவனுக்கு.
விலையை நான் முகரவில்லை, தாஸ்.

சியோங் சிரித்தான்.
அமலதாஸ் எழுந்துபோய்
என் கிளாசை மட்டும்
வெறும் தண்ணீரில் மூன்று முறை அலசி வந்து
எதுவும் பேசாமல் நீட்டினான்.

வாங்கிக்கொண்டேன்.
இரண்டாவது மாதிரி எடுக்காமல்
எந்த அறிக்கையிலும்
கையெழுத்துப் போட்டதில்லை நான்.