எட்டாம் வேற்றுமை

பிர்னோ நகரத்தில் பனி
முதல் நாள் உப்பளம் போல இருந்தது.
பிறகு எதைப் போலவும் இல்லை.

நடிப்புப் பள்ளியின் மூன்றாம் மாடியில்
செருப்பு கழற்றிய பதினோரு பேர்.
ராட்கா மிஸ் சொன்னார்:
அவரவர் மொழியில் பேசுங்கள்.
எங்களுக்குப் புரிய வேண்டாம்,
கேட்டால் போதும்.

ஜார்ஜியாக்காரன் ஒரு தாலாட்டைப்
பாதி மூக்கால் பாடினான்.
எனக்குப் பள்ளிக்கூடச் செய்யுள்
மூன்றாம் வரியில் நின்றுவிட்டது.
ஜெபம் சொல்லலாமென்றால் அது
ஞாயிற்றுக்கிழமை வேகத்தில்தான் வரும்,
மூச்சு விடாமல்.
வாய் தானாகத் திறந்தது:

ஆயிரமே... ஆயிரமே...
ஆயிரத்தி நூறு, யாரு, யாரு கேக்குது,
துடிக்கிற சாளை, கண்ணு செவக்கல்ல பாரு,
ஆயிரத்தி இருநூறே...

ததேயுஸ் அத்தானின் குரல்.
அக்காளைக் கட்டும் முன்பிருந்தே
காலை ஐந்தரைக்குக் கடற்கரையிலிருந்து கிளம்பி
சன்னல் வழியாக வந்து
பல் தேய்க்கும் என்மேல் மோதுகிற குரல்.

முடித்தபோது
மெக்சிகோக்காரி அழுதுகொண்டிருந்தாள்.
ராட்கா மிஸ் கண்ணாடியைக் கழற்றி
இறந்தது யார் என்றார்.

சாளை என்று சொல்லியிருக்கலாம்.
நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அந்தப் பருவத்தில் ஆக உயர்ந்த மதிப்பெண் எனக்கு.
மே மாதம் லிஸ்பனுக்குக் கூட்டிப்போனார்கள்.
மூடிப்போன சோப்புத் தொழிற்சாலை,
மங்கல் விளக்கு, இருநூறு பேர்.
மறுபடி அதே சாளை, அதே ஆயிரம்.
வெளியே ஒரு கிழவர் கையைப் பிடித்துக்கொண்டு
மார்ச்சில் மனைவி போய்விட்டாள் என்றார்.
அவர் விரல்கள் விடவே இல்லை.
அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை.

ஆடிச் சாரலில் வாணியக்குடி வந்து
அத்தானிடம் ஒப்புக்கொண்டேன்.
சிரித்ததில் கட்டன்சாயா அவருக்கு மூக்கில் ஏறியது.
"எட்டி பிளெஸ்ஸி, மீன வித்ததுக்கா கரஞ்சினும்?
அப்ப எனக்க கமிஷன் எங்க?"
அக்கா அடுக்களையிலிருந்து:
"நர்சிங் படிச்சிருந்தா
இந்நேரம் பேங்குக்காரன் விளிக்கமாட்டான்."

மறுநாள் போனோடு கரைக்குப் போனேன்,
அடுத்த பருவத்துக்குப் பதிவு செய்ய.
மழை விட்டு விட்டுப் பெய்தது.
ஒரே ஒரு வள்ளம் வந்தது.
கிழிந்த வலை, அரைக்குட்டை சாளை,
பங்கு பிரிக்க நாலு பேர்.
வியாபாரிகள் குடைக்குள் நின்றார்கள்.

ஆயிரமே, என்றார் அத்தான்.
யாரும் கேட்கவில்லை.
தொள்ளாயிரமே... எண்ணூறே... யாரு, யாரு...

இறங்குகிற எண்களை
என் சன்னல் ஒருநாளும் கொண்டுவந்ததில்லை.

விளி வேற்றுமைக்கு உருபு கிடையாதென்று
ஒன்பதாம் வகுப்பில் மனப்பாடம் செய்தேன்.
கூப்பிடும்போது பெயரே கொஞ்சம் திரியும்,
கடைசி எழுத்து நீளும், அவ்வளவுதான்.
கூப்பிடப் பெயரே இல்லையென்றால்
என்ன நீளும் என்று
அதில் போட்டிருக்கவில்லை.

எழுநூறே...
வலைக்காரர் ஒருவர்
தன் கால் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.
அறுநூறே... யாரூ...

ஒரு கை உயர்ந்தது.
அதில் போன் இருந்தது.
என் போன்.

அத்தான் என்னைப் பார்த்தார், சிரிக்கவில்லை.
"அறுநூறு ஒரு தரம்" என்றார்,
எந்த வியாபாரியிடமும் சொல்வதைப் போல.

விசா போட்டோவுக்கும் பஸ்ஸுக்கும் வைத்த பணம்.
பதிவில் காற்று மட்டும்தான் விழுந்திருந்தது.
பத்து மணிவரை அக்காளும் நானும்
பின்வாசலில் குத்தவைத்து ஆய்ந்தோம்.
முழங்கைவரை செதில்.
பூனைகள் எங்கெங்கிருந்தோ வந்தன.

அக்கா கத்தியை நிறுத்தாமல் கேட்டாள்:
"ஆயுறதுக்கும் அங்க மார்க்கு உண்டாட்டி?"