பேருந்துக்கு முன்னால்

விடிய இன்னும் இரண்டு மணி நேரம்.
முதலை வரிசை, கம்பம் பதினேழு:
காரை விட்ட இடத்தை உள்ளங்கையில் எழுதிக்கொள்கிறேன்.
கிஸ்ஸிம்மியின் பிப்ரவரிக் குளிர்
சதுப்பிலிருந்து கிளம்பி வந்து
முழங்காலைத்தான் முதலில் விசாரிக்கிறது.

கடைசிப் பட்டி எங்களுடையது.
வேகக்காரர்களை முதலில் திறந்துவிடுவார்கள்,
எங்கள் முறை வர நாற்பது நிமிடம்.
நெரெய்டா மகனின் பழைய ஸ்வெட்டரை உரித்து
வேலிமேல் எறிகிறாள்.
வேலி முழுக்க ஆளில்லாத கைகள் தொங்குகின்றன.
"மைலுக்குப் பதினாறு நிமிஷம்.
அதைத் தாண்டினா பஸ் வந்து அள்ளிக்கும்" என்கிறாள்.

எனக்குச் சொல்கிறாள், பஸ்ஸைப் பற்றி.

பத்தொன்பது வருஷம்,
மஞ்சள் வண்டி, நாற்பத்திரண்டாம் தடம்.
பை முதுகில் குதிக்க, லேஸ் ஒன்று அவிழ,
கையை ஆட்டிக்கொண்டு ஓடிவரும் பிள்ளைகளைப்
பக்கக் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்.
நகர்ந்த பின் கதவைத் திறக்கக் கூடாது என்பது விதி.
விதியை நான் எழுதவில்லை.
சில நாள் திறந்திருக்கிறேன்.
சில நாள் இல்லை.

நாலாம் மைலில் கோட்டைக்குள் நுழைகிறோம்,
ஊதா வெளிச்சம், எக்காளம்.
பின்வாசலால் வெளியே வந்தால்
ஒட்டுப்பலகை, முட்டுக்கொடுத்த கம்பி, குப்பைத் தொட்டி,
கடற்கொள்ளைக்காரன் கால்சட்டையில்
சிகரெட்டோடு ஒருவன்.
அன்று எங்களுக்காகச் சம்பளமில்லாமல் கைதட்டிய முதல் ஆள்.

ஆறாம் மைலில் மருத்துவக் கூடாரம்.
தொடை உரசாமலிருக்கக்
குச்சியில் வாசலின் தடவி நீட்டுகிறாள் ஒரு பெண்.
எனக்கு முன்னால் போனவர் அதை வாயில் போட்டுக்கொண்டார்.
இருநூறு அடிக்கு யாரும் பேசவில்லை.
பிறகு அவரே சிரிக்க ஆரம்பித்தார்.
ஒஹாயோவில் தபால்காரராம், பெயர் வென்டல்.

ஒன்பதில் நெரெய்டா கழன்றுகொண்டாள்.
நாகச்சுழல் ராட்டினம் திறந்தாயிற்றாம், வரிசையே இல்லையாம்,
ஒரு சுற்று போய் வருகிறாளாம்.
தலைக்கு மேலே அவள் அலறல் வளைந்து போனது.
கீழே நான்
வலது குதிகாலோடு பேரம் பேசிக்கொண்டிருந்தேன்.

பத்து. நெடுஞ்சாலை மேம்பாலம்.
வெயில் வந்துவிட்டது.
உச்சியில், நிழலில்லாத இடத்தில்,
ஆளுயரக் கூழைக்கடா ஒன்று நிற்கிறது,
அலகின் தையலில் பஞ்சு பிதுங்க.
படமெடுக்க யாருமில்லை.
எல்லோரும் மணிக்கட்டைப் பார்த்தபடி கடக்கிறார்கள்.
என் கையிருப்பு நாற்பது நொடி.
நின்றேன்.
இறக்கையை என் தோளில் போட்டது.
பேசக் கூடாது என்பது அதற்கு விதி.
உள்ளேயிருந்து சன்னமாக ஒரு பெண்குரல்:
"தண்ணி மிச்சம் இருக்கா?"

அலகுக்குள் பாட்டிலைச் செருகும்போதுதான் கேட்டது,
காற்றுத்தடை விடும் பெருமூச்சு.
தூக்கத்திலும் அடையாளம் தெரியும் எனக்கு.
வெள்ளைப் பஸ்.
ஓட்டுவது எங்கள் டிப்போ டெல்ராய்,
ஞாயிற்றுக் கூலிக்கு வந்திருக்கிறான்.
கண்ணாடிக்குள் பத்துப் பன்னிரண்டு பேர்,
வெறுங்கழுத்தோடு, என்னைப் பார்க்காத நாகரிகத்தோடு.
கதவு மடங்கித் திறந்தது.
"ஒடாலிஸ், ஏறு. ஏசி போட்டிருக்கேன்."

பத்தொன்பது வருஷத்தில் ஒரு பிள்ளைகூடப்
பஸ்ஸுக்கு முன்னால் ஓடியதில்லை.

ஓடினேன்.
கைகள் எங்கெங்கோ ஆட,
லேஸ் அவிழ்ந்தது தெரிந்தும் குனியாமல்,
பாலத்தின் இறக்கத்தில், இறக்கம் செய்த தயவில்.

கதவு மூட மறுத்தது என்று
டெல்ராய் பிறகு சத்தியம் செய்தான்.
கதவு திறந்திருந்தால் வண்டி நகரக் கூடாது.
அதுவும் விதி.

கோட்டைக் கடந்தபோது
நெரெய்டா அங்கே வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தாள்.
எப்படி என்று நான் கேட்கவில்லை.

திங்கட்கிழமை, பள்ளி வாசலில்,
என் வண்டியின் மூன்று படிகளையும்
கைப்பிடியைப் பற்றிப் பின்பக்கமாக இறங்கினேன்.
மூன்றாம் வகுப்பு ப்ரியெல் பொறுமையாகக் காத்திருந்தாள்.
"ஜெயிச்சீங்களா?"
"ஒரு பஸ்ஸை."
அவள் மஞ்சள் வண்டியை
ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தாள்.
"இதையா?"