இடக் கன்னம்

கண்ணுக்கு மூடி போட்டாயிற்று.
குளிர்ந்த ஜெல்லைத் தடவும்போது
"நுங்கு மீனைக் கன்னத்தில் வைத்த மாதிரி" என்கிறாள் நெலிதா பர்ரியா,
இருபத்தொரு வருடமாகப் புன்டா அரேனாஸிலிருந்து
நத்தாலெஸுக்குப் பேருந்து ஓட்டுகிறவள்.

மதியம் கிளம்பி வடக்கே போவாள்,
மேற்கு வெயில் இடப்பக்கம்.
இரவு அங்கே தங்கிக் காலையில் தெற்கே திரும்புவாள்,
கிழக்கு வெயிலும் இடப்பக்கம்.
சூரியனுக்கு வேறு இருக்கை கிடைக்கவில்லை.
வலக் கன்னத்துக்கு நாற்பது வயது என்றால்
இடக் கன்னம் ஐம்பத்தைந்தைத் தாண்டிவிட்டது,
காபி தெறித்த மேசைவிரிப்பாக.

மூக்கிலும் தாடையிலும் ஓடும் சிவப்பு வேறு கணக்கு.
அதைப் பார்த்துத்தான் சோதனைச் சாவடியில்
வாரம் இரண்டு முறை "ஊது" என்பார்கள்.
ஊதுவாள். பூஜ்யம்.
பின்னால் நாற்பது பயணிகள்
அந்தப் பூஜ்யத்தையே சந்தேகமாகப் பார்ப்பார்கள்.

ஜூன் மாதம். பத்து மணிக்குத்தான் விடிகிறது.
வெளியே வெயில் இல்லாதபோதுதான்
உள்ளே வெளிச்சத்தைச் சுட முடியும்.

எண்ணிவிட்டு அழுத்துகிறேன்.
பளிச்.
ரப்பர் வளையத்தை இழுத்து விட்டது போல், அவ்வளவுதான்
என்று சொல்லி வைத்திருந்தேன்.
"பொய்," என்கிறாள். "வாணலி எண்ணெய் தெறித்தது."
மூடிய இமைக்குள்ளும் ஆரஞ்சு பாய்ந்ததாம்.
கருகிய மென்மயிரின் வாசனை.
பளிச். பளிச்.

கறையைத் தேடிப் பிடிக்கும் வெளிச்சம் இது,
வெறுந்தோலைக் கண்டுகொள்ளாது.
நேர்மையான விலங்கு என்றுதான் நினைத்திருந்தேன்,
அடர்ந்த நிறக்காரி ஒருத்தி இதே கட்டிலில் படுத்து
நான் அளவைக் குறைத்துக் குறைத்து
கடைசியில் "உங்களுக்கு இது வேண்டாம், சுட்டுவிடும்"
என்று எழுப்பி அனுப்பிய நாள் வரை.

நான்காம் நாள் புள்ளிகள் இன்னும் கறுத்தன.
தொலைபேசியில் திட்டினாள்.
ஏழாம் நாள் தலையணையெல்லாம் காபித் தூள்.

மூன்றாம் அமர்வுக்கு வந்தவள்
படுக்காமல் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து சொன்னாள்:
சாவடியில் வண்டியை நிறுத்தினாளாம்.
கண்ணாடியை இறக்கி, மார்பு நிறைய மூச்சை இழுத்து
வாயைக் குவித்துக் காத்திருந்தாளாம்.
புதுக் காவலன், பையன்,
போகலாம் என்று கையசைத்தானாம்.
இழுத்த மூச்சை வைத்துக்கொண்டு என்ன செய்வது?
மூன்று கிலோமீட்டர் தாண்டித்தான் விட்டாளாம்.

சொல்லிச் சிரித்தாள். சிரிக்கும்போது
மூக்கு நுனியில் ஒரு சிவப்பு எட்டிப் பார்த்தது,
வீட்டைக் காலி செய்த பிறகும்
கடிதம் வந்ததா என்று கேட்டு வரும்
பழைய குடித்தனக்காரன் மாதிரி.
பார்த்தேன். சொல்லவில்லை.

செப்டம்பர் வந்தால் வானத்தில் ஓட்டை திறக்கும்.
சீட்டில் எழுதிக் கொடுக்கிறேன்:
இரண்டு மணிக்கொரு முறை பூச வேண்டும்.
மேகம் இருந்தாலும்.
முக்கியமாக இடப்பக்கம்.

"ஸ்டியரிங்கை யார் பிடிப்பது, நீயா, தனிசா?"
சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைக்கிறாள்.
கதவருகே நின்று யோசித்து,
"ஒரே ஒரு தடவை
நத்தாலெஸ் வரை ரிவர்ஸில் போகிறேன்.
வலக் கன்னத்துக்கும் கொஞ்சம் வயதாகட்டும்."