உரிமையாளர் தெரியவில்லை

முதல் தடவை அது கர்ரென்றது.
இரண்டாம் தடவை அதுகூட இல்லை.

மஞ்சக்குப்பத்தில் இரவு மணி பதினொன்று.
கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றிச்
சுவரில் சாய்த்திருக்கிறேன்.
டிவிடி டிரைவுக்குப் போன மின்கம்பியைப் பிடுங்கி
இதற்குக் கொடுத்தாயிற்று.
உள்ளங்கைக்குள் அடங்கும் ஹார்ட் டிஸ்க்
செருப்புப் பெட்டி மூடியில்
மல்லாந்து கிடக்கிறது.

லேப்டாப் செத்து ஆறு வருஷம்.
திரையையும் கீபோர்டையும் தராசில் போட்டுப்
பழைய இரும்புக்காரர் கொண்டுபோனார்.
இதை மட்டும் ஏன் கழற்றி வைத்தாய் என்று
அன்றைக்குக் கேட்டிருந்தால் பதில் இருந்திருக்காது.
இன்றைக்கு இருக்கிறது:
நாற்பதாயிரம் ரூபாய்.

என் ஜெராக்ஸ் கடையின் அட்வான்ஸ்.
"அப்படி ஒண்ணும் நீங்க குடுக்கலியேம்மா" என்கிறார் கோதண்டபாணி,
மிகவும் மரியாதையாக.
ஒப்பந்தத் தாள் வெள்ளத்தில் போனது அவருக்குத் தெரியும்.
கெடிலம் கரை மீறிய அந்தக் கார்த்திகையில்
எனக்குப் படகு சொல்லி அனுப்பியவரும் அவர்தான்.

ஊருக்கெல்லாம் ஸ்கேன் எடுத்துக் கொடுத்தவள்
எனக்கும் ஒன்று எடுத்து வைத்திருந்தேன்.

போனில் ரஹ்மத்நிஷா.
நெல்லித்தோப்பில் நாளைக்குப் பத்துக் கம்ப்யூட்டர்களைத்
திறந்து மூடுகிறவள்.
"செவப்புக் கேபிள மாத்துடி. எப்பவும் கேபிள்தான்."
மாற்றினேன்.
பாட்டிலுக்குள் மாட்டிய ஈபோல
ஒரு சுழற்சி கேட்டது.

உடனே வேறொரு கூத்து.
டெஸ்க்டாப் தன் நினைவை விட்டுவிட்டு
இதன் நினைவில் விழிக்கப் பார்த்தது.
ஆறு வருஷம் முன் கண்மூடிய விண்டோஸ்
யார் வீட்டிலோ எழுந்து
நீலம் பாரித்து விழுந்தது.
"பூட் ஆர்டர்ல அத கீழ தள்ளு."
தள்ளினேன்.

பிறகு தெரிந்தது, எழுத்தில்லாமல்.
'ஜி' என்று பெயர் வைத்தேன்.
மூன்று பாகங்களில் ஒன்று
ஃபார்மேட் செய்யவா என்று பணிவாகக் கேட்டது.
"தொடாத! கேன்சல்!"
அவள் கத்தியதில் தெருநாய் குரைத்தது,
எந்த ஊர் நாயென்று தெரியவில்லை.

எஸ். தில்லைநாயகி என்றொரு ஃபோல்டர்.
கிளிக் செய்தவள் பெயரும் தில்லைநாயகி.
அனுமதி இல்லை என்றது.
இப்போதைய உரிமையாளர்: தெரியவில்லை.
பக்கத்தில், ஆஸ்பத்திரி ரசீதுபோல
முடிவில்லாத ஒரு நம்பர்.

"அது நீதான்டி" என்றாள் ரஹ்மத்நிஷா.
"அந்த லேப்டாப்ல இருந்த நீ.
இந்த மெஷினுக்கு அவளத் தெரியாது."

இருவரும் சிரித்தோம்.
அவள் கொஞ்சம் அதிக நேரம் சிரித்தாள்.

எஸ் என்றால் சுகுமாரன்.
கோர்ட்டிலிருந்து வந்த வாரமே
ஆதார், பான், பாஸ்புக் எல்லாவற்றிலும்
மறுபடி கே ஆகிவிட்டேன்.
விட்டுப்போனது இது ஒன்றுதான்.

உரிமையை எடுத்துக்கொள்ளவா?
ஆம் என்று அழுத்தினேன்.
பச்சைக்கோடு ஊர்ந்தது.
யாருடையதோ எல்லாம்
ஒவ்வொன்றாக என் பெயருக்கு மாறியது:
ரேஷன் கார்டுகள், சாதிச் சான்றிதழ்கள்,
யாரோ ஒரு பையனின் பத்தாம் வகுப்பு மார்க்,
'சில்வர் பீச்' என்றொரு ஃபோல்டர்.
அதைத் தாண்டிப் போனேன்.

தலைகீழாக ஸ்கேன் ஆகியிருந்தது.
திருப்பினேன்.
ரூபாய் நாற்பதாயிரம் மட்டும், எழுத்தால்.
கோதண்டபாணியின் கையெழுத்து, வாலோடு.
அதற்குக் கீழே சாட்சி.

சாட்சி இப்போது நெய்வேலியில் இருக்கிறார்.
குவார்ட்டர்ஸ் நம்பர்கூடத் தெரியும்.

டக் என்றது டிஸ்க்.
"அய்யோ, ஹெட்டு அடிக்குது. மொதல்ல அத காப்பி பண்ணு!"
பென் டிரைவில் ஏறியது,
தொண்ணூற்றேழில் நின்று யோசித்து, ஏறியது.

"மத்தது எல்லாம் எடுக்கணுமா?
சொல்லுடி. இனி ஒரு தடவ சுத்துமான்னு தெரியாது."

டக்.
கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு டக்.
தொட்டுப் பார்த்தேன். சுட்டது.

கம்ப்யூட்டரை அணைத்து
மின்கம்பியை டிவிடி டிரைவுக்கே
திருப்பிக் கொடுத்தேன்.