கழிவு

மூன்று மாதமாய் எனக்கு
பொலிஸின் மலத்தில்தான் விடிகிறது.

லயத்துக் கானோரம் குந்தி
டோர்ச் அடித்துப் பார்க்கிறேன்.
இன்றைக்குக் கஞ்சி.
நேற்று சளி, அதில் ஒரு நூல் ரத்தம்.
முந்தாநாள் ஒன்றுமில்லை, முக்கல் மட்டும்.
பெரட்டுக்குப் போகிற சவரியம்மா
"என்ன புள்ள, மோதிரத்த முழுங்கிருச்சா?" என்கிறாள்.

பெயர் வைத்தது தம்பி.
குட்டியிலேயே வாசலில் யார் வந்தாலும்
அடையாள அட்டை கேட்கிற மாதிரி குரைக்குமாம்.
இப்போது தபால்காரர் வந்தால்
ஒரு காதை மட்டும் தூக்குகிறது.

பூச்சி மருந்து மூன்று தரம்,
கொய்யாக் குருத்து, மாதுளந்தோல்,
முனியாண்டி கோயில் திருநீறு:
எல்லாம் போன வேகத்தில் வெளியே வந்தது.

எடை பார்த்து வரச் சொன்னார் ஹட்டன் டொக்டரம்மா.
அந்தி நிறுவை முடிந்த மடுவத்தில்
கொழுந்துச் சாக்கில் இறக்கிக் கொக்கியில் மாட்டினோம்.
நாலு காலும் எங்கே வைப்பதென்று தெரியாமல்
வெட்கப்பட்டது போல் தொங்கியது.
கணக்கப்பிள்ளை கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.
"பதிமூணு. தண்ணிக்கு ரெண்டு கழிச்சா பதினொண்ணு."
எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

பேராதனையில் குழாய் விட்டுக்
குடலில் ஒரு துணுக்குக் கிள்ளினார்கள்.
அதற்கு என் தோடு போனது.
பதில் வந்த அன்று டொக்டரம்மா
எனக்காகத் தமிழைத் தேடித் தேடி எடுத்தார்:
"உடம்பு உள்ள பொலிஸ் இருக்கு.
கள்ளன் வந்தா அடிக்கணும், அது வேலை.
இங்க சோறு வந்தாலும் அடிக்குது.
அடிச்சு அடிச்சு, வீடு எல்லாம் வீங்கி."

மேசைமேல் கிடந்ததைப் பார்த்தேன்.
"இது பேரும் பொலிஸ்தான், மிஸ்."
பேனையை வைத்துவிட்டுச் சிரித்தார்,
கண் துடைக்கிற அளவுக்கு.

சுகமாகுமா என்று கேட்டேன்.
"சுகம் இல்ல. அடங்கும்.
திரும்ப எழும்பும். திரும்ப அடக்கணும்."
இந்த நாட்டில் பிறந்தவளுக்கு
அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

இதுவரை அது வாயில் வைக்காத ஒன்றை
எட்டுக் கிழமை, அதை மட்டும் கொடுக்க வேண்டுமாம்.
யோசித்தேன்.
ரொட்டி, நெத்தலி, சோயாமீட், கோழிக்கால்,
நாங்கள் தின்றதையெல்லாம் தின்றிருக்கிறது.
நாங்கள் தின்னாதவை ஏராளம்,
அவை எல்லாம் கண்ணாடிக் கடைக்குள்.

கடைசியில் ஜப்பான் மீன்.
பழைய டவுன் மூழ்கிக் கிடக்கிற மஸ்கெலியா டேமில்
தம்பி தூண்டில் போடுகிறான்.
உப்பில்லை, தூளில்லை, பூசணிக்காயோடு அவியல்.
"நமக்கு சம்பல், தொரைக்கு மீனா?" என்ற என் புருஷன்
விளக்கடியில் குனிந்து
ஒவ்வொரு முள்ளாய் எடுக்கிறார்.

காலையில் அரை வில்லை.
அது தாகத்தைக் கொண்டுவந்தது.
வாளித் தண்ணீரைக் குடித்து
ராத்திரி முழுக்க அறையை நனைத்தது.
சாக்குகள் காயவே இல்லை, மழைக்காலம் வேறு.
தீபாவளிக்குப் பக்கத்துக் காம்பராப் பையன்
பாசத்தில் ஒரு முறுக்குத் துண்டு கொடுத்தான்.
மூன்று நாள் ரத்தம்.
அவனைத் திட்டவும் முடியவில்லை,
அவனும் கானோரம் வந்து குந்தியிருந்தான்.

நேற்று விடியற்காலை
டோர்ச் வெளிச்சத்தில்:
கெட்டியாய். ஒரே துண்டாய்.
"சவரியம்மா, மோதிரம் கெடச்சிருச்சு!"
லயமே எழும்பும்படி கத்தினேன்.
அவள் கொங்காணியைக் கழற்றாமல் வந்து நின்று
பார்த்து, தலையாட்டிவிட்டுப் போனாள்.

அந்தியில் மடுவம். சாக்கு. கொக்கி.
"பதினஞ்சு," என்றார் கணக்கப்பிள்ளை,
"தண்ணிக்கு ரெண்டு..."

"கழிக்காதீங்க."

பன்னிரண்டு வருஷம்
என் கொழுந்துக்கு எழும்பாத குரல்.
வரிசையில் யாரும் சிரிக்கவில்லை.
பென்சில் தாளுக்கு மேலே நின்றது.
சாக்கு, அதன் பாட்டில்,
மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது.